பூமி உருண்டைக்கு ஒரு குத்து... நார்வேயிடமிருந்து ஒரு பதில்! - மின்சார கார் விளம்பரங்களும் மக்கள் சொன்ன தீர்ப்பும்

2021 பிப்ரவரி 7. அமெரிக்காவே டி.வி முன்னால் உட்கார்ந்திருந்த நாள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான `சூப்பர் பௌல்' நடந்துகொண்டிருந்தது. அந்தப் போட்டிக்கு நடுவே 30 விநாடி விளம்பரம் போட அந்த வருடம் சுமார் 55 லட்சம் டாலர். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய நேரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் காமெடி நடிகர் வில் ஃபெரல் தோன்றினார். மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் அமெரிக்காவைவிட நார்வேயில்தான் மின்சார கார்கள் எக்கச்சக்கமாக விற்கின்றன என்பது அவருக்குத் தெரியவருகிறது. அவ்வளவுதான்... எதிரே இருந்த பூமி உருண்டையில் ஓங்கி ஒரு குத்து!

`நார்வேக்காரனை விடக் கூடாது' என்று நண்பர்களைத் திரட்டிக்கொண்டு மின்சார காரில் கிளம்புகிறார் மனிதர். கடைசியில் வழி தவறி ஸ்வீடனில் போய் நிற்கிறார். நண்பர்கள் இருவரும் ஃபின்லாந்தில்! (ஃபெரலின் மனைவி ஸ்வீடன் நாட்டுக்காரர் என்பது கொசுறுத் தகவல்.)

அமெரிக்கா சிரித்தது. சரி, திட்டு வாங்கிய நார்வே என்ன செய்தது? கோபப்படவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

ஆடி நிறுவனத்தின் நார்வே பிரிவு, `கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் செந்தாடியோடு வந்து உலகப் புகழ்பெற்ற நார்வே நடிகர் கிறிஸ்டோஃபர் ஹிவ்யுவை வைத்து ஒரு பதில் விளம்பரம் வெளியிட்டது. `எங்களை வெறுக்காதீங்க... பார்த்துக் கத்துக்கோங்க' என்பதுதான் அதன் சாரம். தெற்கு நார்வேயில் இருக்கும் ஆக்டர் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. `மன்னிச்சிடுங்க வில் ஃபெரல்' என்று மன்னிப்பு கேட்பதுபோல ஆரம்பித்து, `ஆனா, வருத்தமெல்லாம் இல்லை' என்று கிண்டலடித்து ஒரு வீடியோவைத் தட்டிவிட்டது. ஒரு கார் விளம்பரத்துக்கு ஒரு பல்கலைக்கழகமே பதில் சொன்ன அதிசயம் அது!

சிரிப்புக்கு நடுவே ஒரு கேள்வியும் எழுந்தது. விளம்பரத்தில் கம்பீரமாக ஓடிய கார்களில் ஒன்றுகூட அன்றைக்கு ஷோரூமில் இல்லை. ஹம்மர் மின்சார வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2021-ம் ஆண்டின் இறுதியில்தான். கேடிலாக் லிரிக் வந்தது 2022-ல். அதுமட்டுமல்ல... கார் புகைக்கு கலிஃபோர்னியா மாநிலம் தனியாகக் கடுமையான விதிகள் போடக் கூடாது என்று ட்ரம்ப் அரசு நடத்திய வழக்கில், 2019-ல் அரசுப் பக்கம் நின்ற கம்பெனிகளில் ஜெனரல் மோட்டார்ஸும் ஒன்று. 2020 நவம்பரில்தான் அது பின்வாங்கியது. `நார்வேயை ஜெயிப்போம்' என்று முழங்குவதற்கு வெறும் மூன்று மாதங்களுக்கு முன்பு!

மின்சார கார் விளம்பரங்களுக்கும் மக்களுக்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இதுதான். `நீ காட்டுவது அழகாத்தான் இருக்கு... ஆனா, நிஜமா?'

பாட்டுக்காரர்கள் செய்த கலாட்டா!

நார்வே ஏன் ஜெயித்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 2020-ல் அங்கு விற்ற புது கார்களில் 54 சதவிகிதம் முழு மின்சார கார்கள். அதே வருடம் அமெரிக்காவில் அது 2 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருந்தது. 2024-ல் நார்வேயின் கணக்கு ஏறத்தாழ 89 சதவிகிதம். அதாவது, புதுசாக வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை!

இதற்கான முதல் விதையைப் போட்டது எந்த கார் கம்பெனியும் இல்லை. 1989-ல் `ஆ-ஹா' என்ற புகழ்பெற்ற பாப் இசைக்குழுவின் மார்ட்டன் ஹார்கெட்டும் மாக்னெ ஃபுருஹோல்மெனும், `பெலோனா' என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெடெரிக் ஹௌகேயோடு சேர்ந்து, சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரி பொருத்திய குட்டி ஃபியட் பாண்டா கார் அது.

`புகை விடாத வண்டிக்கு எதுக்குச் சுங்கம் கட்டணும்?' என்று கேட்டு, சுங்கச்சாவடிகளில் பணம் கட்டாமலே ஓட்டிப்போனார்கள். அபராதம் குவிந்தது. அதிகாரிகள் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? அவர்களேதான்! எடுத்துக்கொண்டு மறுபடியும் சுங்கச்சாவடிக்கே போனார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்... நாடே இதைப் பற்றிப் பேசியது.

அந்தக் கலாட்டாவுக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சலுகைகள் வந்தன. 1990-ல் மின்சார கார்களுக்கு இறக்குமதி வரி விலக்கு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுங்கச்சாவடிகளில் இலவச அனுமதி. 2001-ல் மதிப்புக்கூட்டு வரியும் இல்லை. அடுத்து, பேருந்துகளுக்கென்று ஒதுக்கிய தனிப்பாதையில் போகவும் அனுமதி. காலையில் நெரிசலில் நிற்கும் ஆளுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் பஸ் பாதையில் விர்ரென்று போவதைப் பார்ப்பதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

டோஸ்டர் வரவேற்ற கார்

கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டலாம். 1996-ன் இறுதியில் இதே ஜெனரல் மோட்டார்ஸ், `இ.வி-1' என்ற மின்சார காரை கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் இறக்கியது. விற்கவில்லை, வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் கொடுத்தது. அதற்கு எடுத்த டி.வி விளம்பரம் ஒன்று குழந்தைகள் படம்போல இருக்கும். ஒரு வீட்டிலிருக்கும் டோஸ்டர், விளக்கு என்று எல்லா மின்சாதனங்களும் தாங்களாகவே வயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும். தெருவில் வந்து நிற்பது, அவர்களின் புதுச் சொந்தக்காரனான மின்சார கார்!

பார்க்க அழகுதான். ஆனால், ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும், வீட்டில் எப்படிச் சார்ஜ் செய்வது என்று ஒரு குடும்பத் தலைவியோ தலைவரோ கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. மொத்தம் தயாரானது 1,117 கார்கள். பிறகு திட்டத்தையே கைவிட்டு, ஒப்பந்தம் முடிந்த கார்களைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நொறுக்கித் தள்ளியது நிறுவனம். `தேவையான அளவுக்கு வாடிக்கையாளர்கள் வரவில்லை' என்பது கம்பெனியின் வாதம்.

ஓட்டிப் பழகியவர்களோ கொதித்துப்போனார்கள். 2003-ல் ஹாலிவுட்டில் இருக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காருக்கு இறுதிச்சடங்கே நடத்தினார்கள்! மிச்சமிருந்த 78 கார்களை 19 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சியும் பார்த்தார்கள். கம்பெனி அசையவில்லை. 2006-ல் வெளியான `மின்சார காரைக் கொன்றது யார்?' என்ற ஆவணப்படம் இந்தக் கதையைச் சொன்னது. குற்றவாளிக் கூண்டில் எண்ணெய் கம்பெனிகள், அரசு, கார் கம்பெனி என்று எல்லோரையும் நிறுத்திய அந்தப் படம், காரை விற்பதற்கென்று எடுத்த விளம்பரங்களையும் விட்டுவைக்கவில்லை. `இப்படி இருட்டும் நிழலுமா காட்டினா யாருக்கு வாங்கத் தோணும்?' என்று கேட்டது.

பனிக்கரடியும் பாத்ரூமும்!

2010-ல் நிஸான் `லீஃப்' வந்தது. பனி உருகி வீடிழந்த ஒரு வெள்ளைக்கரடி, காடு மேடெல்லாம் நடந்து, நெடுஞ்சாலை ஓரமாக வந்து, ஒரு நகரத்து வீட்டு வாசலில் மின்சார காரில் ஏறப்போகும் மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளும். `பூமியைக் காப்பாத்தினதுக்கு நன்றி' என்று சொல்லாமல் சொல்லும் விளம்பரம் அது. அமெரிக்காவில் ரொம்ப நாள் பேசப்பட்டது. கண் கலங்கியவர்களும் உண்டு; `கரடி வந்து கட்டிப்பிடிச்சா கார் வாங்கணுமா?' என்று கேலி செய்தவர்களும் உண்டு.

அடுத்த வருடமே நிஸான் உத்தியை மாற்றியது. உலகத்தில் எல்லாமே பெட்ரோலில் ஓடினால் எப்படி இருக்கும்? அலாரம் கடிகாரத்தை நிறுத்தினால் குப்பென்று புகை. தலை உலர்த்தும் டிரையரிலிருந்து புகை. அலுவலக கம்ப்யூட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சிரிக்க வைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு குத்தல். பெட்ரோல் பங்க்கில் பரிதாபமாக நிற்பது, போட்டிக் கம்பெனியான செவர்லே `வோல்ட்' கார் வைத்திருப்பவர்! வோல்ட், பேட்டரியிலும் ஓடும். தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடும்.

வோல்ட்டுக்கும் ஒரு விளம்பரம் இருந்தது. பங்க்கில் நிற்கும் வோல்ட் ஓட்டுநரைப் பார்த்து, `மின்சார காருக்கு இங்க என்ன வேலை?' என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பாவம், அவர் வந்தது பாத்ரூம் போக! காரின் பெருமையை நின்று விளக்கவும் முடியாமல், அடக்கவும் முடியாமல் அவர் தவிப்பதுதான் காமெடி.

இந்த இடத்தில் ஒரு மாற்றத்தைக் கவனிக்கலாம். கரடி கேட்டது, `உலகத்துக்கு நீ என்ன செய்யப்போறே?' என்று. புகை விடும் அலாரமும் பாத்ரூம் ஆளும் பேசியது, `தினமும் இதை வெச்சு எப்படிக் காலம் தள்ளுறது?' என்ற விஷயத்தை. மக்களின் மனசில் இருந்தது இரண்டாவது கேள்விதான்.

நீச்சல்குளப் பிரசங்கம்

2014 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நேரத்தில், கேடிலாக் `இ.எல்.ஆர்' காரின் விளம்பரம் அமெரிக்க டி.வி-யில் ஓடியது. பேட்டரியோடு பெட்ரோல் ஜெனரேட்டரும் கொண்ட சொகுசு கார். விலை சுமார் 75,000 டாலர். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பணக்காரர் பேச ஆரம்பிக்கிறார். மற்ற நாட்டுக்காரர்கள் வேலை முடிந்ததும் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள், ஆகஸ்ட் மாதம் முழுக்க லீவு போட்டுவிடுகிறார்கள்; நாங்களோ வெறித்தனமாக உழைக்கிறோம், அதனால்தான் இதெல்லாம் கிடைத்தது என்று பெருமையடித்துக்கொண்டே போய் காருக்குச் சார்ஜர் மாட்டுகிறார்.

வெடித்தது விவாதம். `உழைப்புக்கு மரியாதை' என்று கைதட்டியது ஒரு கூட்டம். `பிள்ளைகளோட இருக்க லீவு எடுக்கிறது சோம்பேறித்தனமா?' என்று பொங்கியது இன்னொரு கூட்டம். போட்டிக் கம்பெனியான ஃபோர்டு இதைப் பிடித்துக்கொண்டது. டெட்ராய்ட் நகரத்தில் உணவுக் கழிவிலிருந்து உரம் தயாரிக்கும் அமைப்பைத் தொடங்கிய பஷான் மர்ரி என்ற பெண்மணியை வைத்து, அதே பாணியில், அதே நடையில் பதில் விளம்பரம் எடுத்தது. அவர் நின்றது நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இல்லை. மண்ணுக்கும் குப்பைக்கும் நடுவில்!

இத்தனை பேச்சு பேச வைத்த அந்த கேடிலாக், தன் வாழ்நாள் முழுக்க 3,000 கார்கூட விற்கவில்லை. விளம்பரம் ஊரெல்லாம் பேசப்படுவது வேறு, கார் விற்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தள்ளுவண்டியோடு ஓர் அம்மா

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் விளம்பரத் தர ஆணையம், 2019 ஜூன் மாதம் புது விதி ஒன்றைக் கொண்டுவந்தது. `ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி' என்று முத்திரை குத்தித் தீங்கு விளைவிக்கும் விளம்பரங்களுக்குத் தடை. அந்த விதியில் முதன்முதலில் சிக்கிய இரண்டு விளம்பரங்களில் ஒன்று, ஃபோக்ஸ்வேகனின் `இ-கோல்ஃப்' மின்சார கார் விளம்பரம்!

அதில் என்ன காட்டினார்கள்? செங்குத்தான மலைப் பாறையில் கூடாரம் கட்டித் தங்கியிருக்கும் ஓர் ஆணும் பெண்ணும். விண்கலத்தில் மிதக்கும் இரண்டு ஆண் விண்வெளி வீரர்கள். செயற்கைக் காலோடு நீளம் தாண்டும் ஆண் வீரர். கடைசியாக, பூங்கா பெஞ்சில் குழந்தையின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவரைத் தாண்டிச் சத்தமே இல்லாமல் கார் போகிறது. `மாற்றத்துக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொண்டால் எதையும் சாதிக்கலாம்' என்பது விளம்பரம் சொல்லவந்த செய்தி.

புகார் செய்தவர்கள் எத்தனை பேர்? லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை... வெறும் மூன்று பேர்! `சாகசமெல்லாம் ஆண்களுக்கு, பிள்ளை பார்த்துக்கிற வேலை மட்டும் பெண்ணுக்கா?' என்பது அவர்கள் கேள்வி. கம்பெனி வாதாடியது. பிள்ளை பெற்றெடுப்பதும் வாழ்க்கையின் பெரிய மாற்றம்தான், மலையில் இருப்பதும் ஒரு பெண்தான் என்றது. ஆணையம் ஏற்கவில்லை. மலைக் கூடாரத்தில் இருக்கும் பெண் தூங்கிக்கொண்டிருக்கிறார். சாதிப்பவர்களாகக் கண்ணில் படுபவர்கள் எல்லாம் ஆண்கள்தான் என்று சொல்லி, ஆகஸ்ட் மாதம் விளம்பரத்துக்குத் தடை போட்டது.

அன்றைக்கே தடை வாங்கிய இன்னொரு விளம்பரம் ஒரு பாலாடைக்கட்டி கம்பெனியுடையது. சாப்பாட்டில் மயங்கிய இரண்டு அப்பாக்கள், குழந்தைகளை ஹோட்டலின் உணவு நகரும் பட்டையில் மறந்து வைத்துவிடுவதாக எடுத்திருந்தார்கள். `அப்பான்னா பிள்ளை வளர்க்கத் தெரியாதவனா?' என்று அதற்கு 128 புகார்கள். ஆக, அம்மாக்களுக்காகவும் தீர்ப்பு வந்தது, அப்பாக்களுக்காகவும் வந்தது.

இந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. கார் நல்லதா, பேட்டரி நல்லதா என்ற பேச்சே வரவில்லை. `நாளைய உலகம்' என்று காட்டும்போது, அந்த உலகத்தில் வீட்டு வேலை யாருடையது என்று மக்கள் பார்க்கிறார்கள். புது வண்டியில் பழைய எண்ணத்தை ஏற்றி அனுப்பினால் மூன்று பேராவது கை காட்டி நிறுத்திவிடுகிறார்கள்!

வராத வண்டிக்கு ஒரு விளம்பரம்

2022 சூப்பர் பௌல் கிட்டத்தட்ட மின்சார கார் திருவிழாவாகவே இருந்தது. கிரேக்க இடிக்கடவுள் ஜீயஸாக அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் வந்து பி.எம்.டபிள்யூ காரில் ஏறினார். கியா விளம்பரத்தில் ஒரு ரோபோ நாய்க்குட்டி, மின்சார காரைத் துரத்திக்கொண்டு ஓடியது. பார்த்தவர்கள் நாய்க்குட்டிக்காக உருகினார்கள். போல்ஸ்டார் கம்பெனியோ, செவ்வாய் கிரகத்தைப் பிடிக்க மாட்டோம் என்று ஒரு வரி போட்டு டெஸ்லாவைச் சீண்டியது. இத்தனைக்கும் அன்றைய அமெரிக்காவில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக மின்சார கார் விற்றுக்கொண்டிருந்த டெஸ்லா, டி.வி விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காத கம்பெனி!

அடுத்த வருடம், 2023 பிப்ரவரியில், `ராம்' கம்பெனி ஒரு படி மேலே போனது. அமெரிக்க டி.வி-யில் அடிக்கடி வரும் ஆண்மைக்குறைவு மருந்து விளம்பரங்களைக் கிண்டல் செய்து, `அவசரப்பட்டு மின்சாரத்துக்கு மாறி அவதிப்படுகிறீர்களா?' என்று இரட்டை அர்த்தத்தில் கேட்டது. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ, பாரம் இழுக்குமோ என்று தம்பதிகள் கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதுபோல எடுத்திருந்தார்கள். `கவலை வேண்டாம், எங்கள் மின்சார டிரக் வருகிறது' என்பது மருந்து.

குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் இது தேவையா என்ற முணுமுணுப்பு ஒரு பக்கம். மக்களின் பயத்தை மூடி மறைக்காமல் வெளிப்படையாகப் பேசிய துணிச்சலுக்குப் பாராட்டு இன்னொரு பக்கம். எல்லாம் சரி... டிரக் வந்ததா? முதலில் 2024-ன் இறுதி என்றார்கள். பிறகு தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில், முழு மின்சார டிரக் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். மருந்துக்கு விளம்பரம் வந்தது; மருந்து வரவில்லை!

திருவிழாவும் கலைந்தது. 2024 சூப்பர் பௌலில் அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றுகூட விளம்பரம் கொடுக்கவில்லை.

ஒற்றைச் சொல்லுக்கு வந்த வம்பு

மக்கள் படத்தை மட்டும் பார்ப்பதில்லை, வார்த்தையையும் எடை போடுகிறார்கள். டொயோட்டா தன் ஹைபிரிட் கார்களை `தானே சார்ஜ் செய்துகொள்ளும் கார்' என்று விளம்பரம் செய்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காரில் ஊற்றும் பெட்ரோலின் சக்தியிலிருந்துதான். பிரேக் போடும்போது மீண்டும் சேமிக்கப்படும் சக்திக்கும் மூலம் அதே பெட்ரோல்தான். 2020 ஜனவரியில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், `சும்மா கிடைக்கும் மின்சாரம்போல மக்களை நம்பவைக்கிறது' என்று சொல்லி அந்த விளம்பரத்தைத் தடுத்தது.

பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் இதேபோல இன்னொரு தீர்ப்பு. இது டி.வி விளம்பரம் இல்லை, இணையத் தேடலில் வரும் விளம்பரம். பி.எம்.டபிள்யூ, எம்.ஜி இரண்டு கம்பெனிகளும் `மாசே இல்லாத கார்' என்ற பொருளில் எழுதியிருந்தன. ஓட்டும்போது புகை வராது என்பது உண்மை. ஆனால், கார் தயாரிக்கும்போதும், அதற்கான மின்சாரம் தயாரிக்கும்போதும் மாசு உண்டே? `ஓட்டும்போது' என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்றது ஆணையம்.

ஜெயித்த விளம்பரம் எது?

இவ்வளவு சண்டைக்கும் நடுவே, மனசைத் தொட்ட விளம்பரங்களும் உண்டு. 2024-ல் கியா `இ.வி-9' காருக்கு எடுத்தது அப்படி ஒன்று. ஒரு சின்னப் பெண், பனிச்சறுக்கு நடனப் போட்டியில் பிரமாதமாக ஆடுகிறாள். ஆனால், அவள் கண் தேடுவது பார்வையாளர் வரிசையில் காலியாக இருக்கும் ஒரு நாற்காலியை. தாத்தாவால் வர முடியவில்லை. அப்பா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பனிமலைப் பாதையில் தாத்தா வீட்டுக்கு ஓட்டுகிறார். வீட்டு வாசலில் குளம் உறைந்து கிடக்கிறது. காரின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து விளக்குச் சரம் எரியவிடுகிறார் அப்பா. சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருக்கும் தாத்தாவுக்காக, பேத்தி மறுபடியும் ஆடுகிறாள்.

இதில் பிரசங்கம் இல்லை, கரடி இல்லை, கடவுள் இல்லை. ஆனால், குளிரில் மலை ஏறும், மூன்று வரிசை இருக்கை உண்டு, பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம் என்று மூன்று விஷயங்கள் வந்துவிட்டன. பார்ப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, `ஓ, கரன்ட் போனா வீட்டுக்கு ஃபேன் போடலாமா?' என்று கேட்கும்படி இருந்தது.

நம்மூர் டி.வி-யில்...

இங்கேயும் மின்சார கார் விளம்பரம் வராத கிரிக்கெட் மேட்ச் இல்லை. 2023 ஐ.பி.எல் போட்டிகளில் டாடா டியாகோ மின்சார கார் மைதானத்தையே சுற்றி வந்தது. இங்கு மக்களிடம் வரும் முதல் கேள்வி கரடியைப் பற்றியோ பாலின பேதத்தைப் பற்றியோ அல்ல. `சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?' அவ்வளவுதான்.

அந்த ஓர் எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2019-ல் ஹூண்டாய் கோனா மின்சார கார் இந்தியாவுக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் உருவான கார். இந்தியச் சோதனை முறைப்படி அதன் தூரம் 452 கிலோமீட்டர். அதே 39.2 யூனிட் பேட்டரி கொண்ட கோனாவுக்கு ஐரோப்பியச் சோதனை முறையில் கிடைத்தது சுமார் 300 கிலோமீட்டர்தான்! யாரும் பொய் சொல்லவில்லை. சோதனைக் கூடத்தில் எந்த வேகத்தில், எப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆனால், டி.வி-யில் பெரிய எழுத்தில் வரும் எண்ணை நம்பி, சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு ஏ.சி போட்டுக்கொண்டு கிளம்புபவருக்கு அந்த வித்தியாசம் செங்கல்பட்டைத் தாண்டியதும் தெரிய ஆரம்பித்துவிடும்.

`சொன்னது ஒன்று, ஓடுவது ஒன்று' என்று ஓட்டுநர்கள் சொல்லச் சொல்ல, கம்பெனிகளும் இறங்கிவந்தன. 2024 ஆகஸ்டில் டாடா `கர்வ்' மின்சார கார் வந்தபோது, சோதனைக்கூடக் கணக்கு 585 கிலோமீட்டர் என்றதோடு, நிஜ சாலையில் 400 முதல் 425 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம் என்று கம்பெனியே சேர்த்துச் சொன்னது. பிறகு, அதிவேக ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வந்ததும் 585 என்பது 502 ஆனது. கார் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. எண் மட்டும் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. `பசுமை', `மாசில்லாதது' என்று ஆதாரமில்லாமல் அள்ளிவிடுவதைத் தடுக்க, விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2024 பிப்ரவரியிலும், மத்திய ஆணையம் 2024 அக்டோபரிலும் விதிமுறைகள் கொண்டுவந்தன. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விளம்பரம் பார்த்து ஆசைப்பட்டால்... முதலில் கேட்க வேண்டியவை:

* சொல்லும் கிலோமீட்டர் எந்தச் சோதனை முறையில் வந்தது? நிஜ சாலைக் கணக்கு என்ன? கீழே பொடி எழுத்தில் ஓடும் வரியை வீடியோவை நிறுத்திப் படியுங்கள்.

* ஏ.சி, முழு ஆள் பாரம், நெடுஞ்சாலை வேகம், மலைப்பாதை... எல்லாமே தூரத்தைக் குறைக்கும். அதே மாடலை ஆறு மாதமாவது ஓட்டியவரிடம் கேளுங்கள். நார்வேக்காரர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

* `வேகமாகச் சார்ஜ் ஆகும்' என்றால் எந்த சார்ஜரில்? வீட்டு பிளக்கில் எத்தனை மணி நேரம்? பெரும்பாலும் விளம்பரம் சொல்வது 80 சதவிகிதம் வரையான நேரத்தைத்தான். அதற்குமேல் மெதுவாகத்தான் ஏறும்.

* பேட்டரிக்கு எத்தனை வருட வாரன்ட்டி, எந்த நிபந்தனையில்? அதை வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

* காட்டும் மாடல் இப்போது ஷோரூமில் இருக்கிறதா, `விரைவில்' வருவதா? முன்பணம் கட்டுவதற்கு முன், திருப்பித் தரும் நிபந்தனையைப் பாருங்கள்.

பிரிட்டனில் ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரத்தை நிறுத்த மூன்று பேர் போதுமானதாக இருந்தது. அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான்... சேனலை மாற்றிவிட்டுப் போகாமல், உட்கார்ந்து ஒரு புகார் எழுதினார்கள். நம்மூரில் ஒரு மின்சார கார் என்பது பல குடும்பங்களுக்குப் பல வருடச் சேமிப்பு. அந்தச் சேமிப்பைக் கேட்டு வரும் 30 விநாடியிடம் நாலு கேள்வி கேட்பதற்கு, வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது!